நாணற்காட்டின் மஞ்சள் தொண்டைக் குருவி



ஒரு பறவையை அறிமுகம் செய்ய வேண்டுமானால் எவற்றைச் சொல்ல வேண்டும் என்று உங்களைக் கேட்டால், அதன் நிறத்தைச் சொல்ல வேண்டும், உருவ அளவைச் சொல்ல வேண்டும், குரலைச் சொல்ல வேண்டும் என்று விடை தருவீர்கள். மூன்றும் வேண்டுவனவே. ஆயினும் இம்மூன்றையும் சொல்லி முடித்த பின்னரும் அப்பறவையைப் பற்றிய பாதிச் செய்தி எஞ்சி நிற்கும். அது எங்கே வாழ்கிறது, அந்த இடம் அதற்கு என்ன செய்கிறது என்பதே அந்தப் பாதி.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்கைப் பாடம் கற்பித்தவன் நான். பறவை ஒன்றின் படம் வரையுங்கள் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் அலகையும் இறகையும் வாலையும் வெகு அக்கறையாக வரைவார்கள். பறவையோ வெள்ளைத் தாளின் நடுவே அந்தரத்தில் நிற்கும். "தம்பி, இது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது?" என்று கேட்டால், உடனே ஒரு கோட்டை இழுத்து, "கிளைமேல், சார்" என்பார்கள். எந்த மரத்தின் கிளை, அம்மரம் எங்கே நிற்கிறது, அங்கே இந்தப் பறவைக்கு இரை ஏது என்று மேலும் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்தக் கேள்விகளுக்கே இன்று ஒரு சிறு குருவியைத் துணைகொண்டு விடை காண முயல்கிறேன்.

மஞ்சள் தொண்டைக் கதிர்க்குருவிகள் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை; நம் நாட்டுக்கு வருவதில்லை. பறவை நூல்களின் வாயிலாகவும் ஒலிப்பதிவுகளின் வாயிலாகவுமே நான் அவற்றை அறிந்தேன். அவ்வளவு தொலைவில் உள்ள பறவையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விஞ்ஞானச் சோதனை செய்யும்போது பலவற்றை மாறாமல் வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கிறோம் அல்லவா? இக்குருவிகளின் விஷயத்தில் இயற்கையே அத்தகைய சோதனை ஒன்றைச் செய்து வைத்திருக்கிறது. உருவத்தாலும் உணவாலும் பெரிதும் ஒத்த சகோதர இனங்கள் வெவ்வேறு நிலங்களில் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று கோடிக்கணக்கில் பரவியிருக்கிறது. மற்றொன்று விரல்விட்டு எண்ணத்தக்க சில சதுப்பு நிலங்களில் ஒடுங்கிக் கிடக்கிறது. இவ்வேறுபாட்டை உண்டாக்கியது எது என்பதே நம் ஆராய்ச்சி.

முதலில் பெயரைத் தெளிவு செய்துகொள்வோம். நம் நாட்டுப் புதர்களிலும் வயலோரங்களிலும் பூச்சி பிடித்துத் திரியும் சிறு பறவைகள் சிலவற்றைக் கதிர்க்குருவி என்கிறோம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து தமிழ்நாட்டுக்கு வரும் பிளித் நாணல் கதிர்க்குருவி அவற்றுள் ஒன்று. ஐரோப்பாவிலும் இவற்றின் உறவினர் உண்டு. ஆங்கிலேயர் அமெரிக்காவில் குடியேறியபோது, அங்கே கண்ட சிறு பூச்சியுண்ணிப் பறவைகளுக்கும் தங்கள் ஊர்க் கதிர்க்குருவியின் பெயரையே சூட்டிவிட்டனர். உண்மையில் அமெரிக்கக் கதிர்க்குருவிகள் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட வேறொரு குடும்பம். தொழில் ஒன்றாக இருப்பதால் தோற்றத்தில் சாயல் வந்தது. இரத்த உறவு நெருக்கமானதன்று.

அந்தக் குடும்பத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது சாதாரண மஞ்சள் தொண்டைக் குருவி. அதன் நீளம் 11 முதல் 13 சென்டிமீட்டர். எடை ஏறக்குறைய 10 கிராம். முதுகு பழுப்புக் கலந்த பசுமை நிறம். தொண்டையும் மார்பும் பளிச்சென்ற மஞ்சள். ஆண் குருவியின் நெற்றியிலிருந்து கண்களை உள்ளடக்கிக் கன்னம் வரை ஒரு கரிய பட்டை செல்கிறது. அதன் மேல் விளிம்பில் வெண்சாம்பல் நிறக் கோடு ஒன்று ஓடுகிறது. நாடகத்தில் திருடன் வேடம் கட்டிய சிறுவனைப் போல் அது காட்சி தரும். பெண்ணுக்கு இந்த முகமூடி இல்லை. ஆண்களுக்குள் எல்லைச் சண்டை மூளும்போது முகமூடி ஓர் அடையாளச் சின்னமாகப் பயன்படுகிறது. முட்டைமேல் அமர்ந்திருக்க வேண்டிய பெண்ணுக்கோ கண்ணைக் கவராத நிறமே நன்மை தருவது.

அதன் பாட்டை அமெரிக்கர்கள் 'விச்சிட்டி, விச்சிட்டி, விச்சிட்டி' என்று எழுதிக் காட்டுவார்கள். பறவையைக் காண்பதற்கு நெடுநேரம் முன்பே இந்தக் குரல் காதில் விழும். குரல் வரும் புதரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பாடுகிறவர் வெளியே வரமாட்டார். எப்போதேனும் ஒரு நாணல் தண்டின் உச்சிக்கு ஏறி, நான்கு முறை பாடிவிட்டு, மீண்டும் உள்ளே இறங்கிவிடுவார்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில் இப்பறவைக்கு விஞ்ஞானப் பெயர் இட்டார். அமெரிக்காவின் மேரிலாந்துப் பகுதியிலிருந்து கிடைத்த குருவியைக் கொண்டு இது ஐரோப்பாவில் அறியப்பட்டதால், நெடுங்காலம் இதனை மேரிலாந்து மஞ்சள் தொண்டை என்றே அழைத்தனர். இன்று இதன் இனத்தொகுதிக்கு வழங்கும் பெயர் ஜியோத்லிபிஸ். ஜியோ என்றால் கிரேக்க மொழியில் மண். பிற்பகுதி ஏதோ ஒரு சிறு பறவையைக் குறித்த பழஞ்சொல். மண்ணை ஒட்டி வாழும் சிறு பறவை என்று நாம் பொருள் கொள்ளலாம். பெயரே முகவரியைச் சொல்லிவிடுகிறது.

அந்த முகவரியை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். கனடாவின் பெரும்பகுதியிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், மெக்ஸிகோவின் சில பகுதிகளிலும் இக்குருவி கூடுகட்டுகிறது. சம்பும் நாணலும் கோரையும் அடர்ந்த சதுப்புகள், ஈரப் புல்வெளிகள், ஓடைக்கரைப் புதர்கள், கைவிடப்பட்ட வயல்கள், வேலியோரச் செடிகள் ஆகியவை அதன் இருப்பிடங்கள். பெரிய மரங்கள் நெருங்கி நிழல் மூடிய காட்டுக்குள் அதைக் காண்பது அரிது. புல்லை ஒட்ட வெட்டிய வெட்டவெளியிலும் அது தங்காது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை கை நுழையாதபடி பின்னிக் கிடக்கும் பசுமையே அதன் உலகம்.

தொண்டை மஞ்சளாக இருந்தால் மட்டும் இந்த இடத்தில் வாழ்ந்துவிட முடியாது. ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் வேறொரு கதிர்க்குருவி உண்டு. அதன் தொண்டையும் மஞ்சளே. ஆனால் அது சைப்ரஸ், பைன் முதலிய நெடுமரங்களின் உச்சியில் வாழ்வது. மரத்தில் தொங்கும் பாசி போன்ற செடிக் கொத்துக்குள் கூடு வைப்பது. நிறத்தைப் பார்த்து இரண்டையும் ஒன்றென எண்ணுவோர் உண்டு. இடத்தைப் பார்ப்பவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

சதுப்பு நிலம் நம் குருவிக்கு மூன்று உதவிகளைச் செய்கிறது. முதலாவது உணவு. ஈக்களும் கொசுவை ஒத்த பூச்சிகளும் புழுப் பருவத்தை நீரிலும் சேற்றிலும் கழித்து, இறகு முளைத்து மேலே வருகின்றன. அவற்றைப் பிடிக்கச் சிலந்திகள் தண்டுக்குத் தண்டு வலை கட்டுகின்றன. பூச்சியும் சிலந்தியும் குருவிக்கு இரையாகின்றன. நீர் உள்ள வரையில் இந்தச் சமையலறையில் அடுப்பு அணைவதில்லை.

இரண்டாவது மறைவு. முதுகின் பசுமை நிறம் தண்டுகளிடையே கரைந்துவிடுகிறது. பருந்தின் கண்ணுக்கு மேலிருந்து தெரிவது அசையும் இலைகள் மட்டுமே.

மூன்றாவது கூட்டுக்கான இடம். பெண் குருவி புல் தூறுகளுக்கிடையே, தரையிலோ தரைக்குச் சற்று மேலேயோ கிண்ணம் போன்ற கூட்டைக் கட்டுகிறது. வழக்கமாக 4 முட்டைகள். 12 நாட்கள் அடைகாப்பு. பொரித்த பத்து நாட்களுக்குள் குஞ்சுகள் கூட்டை விட்டுப் புதருக்குள் இறங்கிவிடும். இரை கொண்டுவரும் பெற்றோர் நேரே கூட்டின்மேல் வந்து இறங்குவதில்லை. சற்று அப்பால் புதருக்குள் விழுந்து, அடிவழியாக நடந்து கூட்டை அடைகின்றன. போகும்போது வேறு வழியாகப் போகின்றன. புதர் தொடர்ச்சியாக இருந்தால்தான் இந்தத் தந்திரம் பலிக்கும். இடையே வெட்டவெளி விழுந்துவிட்டால் எதிரிக்கு வழி தெரிந்துவிடும்.

அந்த எதிரிகளில் ஒன்று பழுப்புத்தலை மாட்டுப்பறவை. நம் குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவதைப் போல, அது மஞ்சள் தொண்டைக் குருவியின் கூட்டிலும் முட்டையிடும். குருவி சில வேளைகளில் அந்தக் கூட்டையே கைவிடும்; சில வேளைகளில் அந்நிய முட்டையை உள்ளே வைத்து, அதற்கு மேலேயே புதிய கூடு கட்டும். மாட்டுப்பறவை மேய்ச்சல் நிலங்களையும் திறந்த வெளிகளையும் விரும்புவது. ஆகையால் புதர்க்காடு துண்டு துண்டாகும் இடத்தில் அதன் கை ஓங்குகிறது.

இங்கே ஒரு வினா எழ வேண்டும். இக்குருவிக்கு இன்றியமையாதது நீரா, மறைவா? சதுப்பில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், சதுப்பை மட்டும் பார்த்து விடை காண முடியாது. இரண்டும் பிரிந்து நிற்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டும்.

ஐக்கிய நாடுகளுக்குத் தென்கிழக்கே உள்ள பஹாமாத் தீவுகளில் ஒரு மஞ்சள் தொண்டை இனம் வாழ்கிறது. நம் குருவியினும் சற்றுப் பெரியது, அலகு தடித்தது. அது வாழ்வது பைன் மரக்காடுகளின் அடியில் வளரும் குறும்புதர்களிலும், உலர்ந்த செடிக்காடுகளிலும் ஆகும். சதுப்பு அதற்குத் தேவைப்படவில்லை. மெக்ஸிகோவின் மலைச்சரிவுகளில் இன்னோர் இனம், வறண்ட முட்புதர்க் காட்டையே வீடாகக் கொண்டிருக்கிறது. சாதாரணக் குருவியும் நீரில்லாத வேலியோரங்களில் கூடு வைப்பதைக் கண்டோம். ஆகவே, இக்குருவிகளுக்கு அடிப்படைத் தேவை தாழ்ந்து அடர்ந்த மறைவே என்று முடிவு கட்டலாம்.

ஆயினும் விடை இத்துடன் முடியவில்லை. அடர்ந்த மறைவு எங்கெங்கே வளரும்? மழை நிரம்பப் பெய்யும் நாட்டில் எங்கும் வளரும். ஒரு வயலை நான்கு ஆண்டுகள் உழாமல் விட்டால் போதும், புதர் மண்டிவிடும். பீவர் என்னும் நீர்விலங்கு ஓடையில் அணைகட்டி மரங்களைச் சாய்த்தால், அங்கே ஈரப் புல்வெளி உண்டாகும். காட்டுத்தீ எரிந்த இடத்தில் செடிகள் தழைக்கும். இவ்விடங்களுக்கெல்லாம் சாதாரண மஞ்சள் தொண்டைக் குருவி குடிவந்துவிடும். மரங்கள் ஓங்கி நிழல் மூடியதும் வேறிடம் போய்விடும். அதன் செழிப்புக்குக் காரணம் இதுதான். வறண்ட நாட்டிலோ நிலைமை வேறு. அங்கே நாணல் அடர்வது நீர் நிற்கும் இடத்தில் மட்டுமே. நீர் போனால் நாணல் போகும். நாணல் போனால் குருவிக்குச் செல்வதற்கு அடுத்த இடம் இல்லை. அங்கே நீரும் மறைவும் ஒரே பொருளின் இரு பெயர்கள்.

இதற்குச் சான்றாக மெக்ஸிகோ நாட்டுக்குச் செல்வோம். அதன் வட மேற்கே நீண்டு கிடக்கும் கலிபோர்னியாத் தீபகற்பத்தின் தென்பாதி பெரும்பாலும் பாலைநிலம். அங்கங்கே ஊற்று நீரால் உண்டான பாலைவனச் சோலைகள் உள்ளன. சான் இக்னாசியோ என்பது அவற்றுள் ஒன்று. 1728இல் பாதிரிமார் அங்கே ஒரு திருச்சபை நிலையத்தை நிறுவினர். அச்சோலைகளின் நாணல்களிலும், தென்கோடியில் உள்ள சான் ஹோசே தெல் காபோவின் கழிமுகத்திலும் வாழ்வது பெல்டிங் மஞ்சள் தொண்டைக் குருவி. உலகில் வேறெங்கும் அது இல்லை. ஒரு சோலைக்கும் மறு சோலைக்கும் இடையே கள்ளியும் கல்லும் நிறைந்த பாலை. நாணலை எரித்தாலும், நிலத்தைப் பயிருக்காக வடித்தாலும், சூறாவளி வெள்ளம் நாணலை அடித்துச் சென்றாலும், அங்குள்ள குருவிகளுக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. பாலையின் நடுவே இருக்கும் சோலையும் கடலின் நடுவே இருக்கும் தீவும் இவ்வகையில் ஒன்றே.

இன்னும் தெளிவான சான்று நடு மெக்ஸிகோவில் உள்ளது. தலைநகரமான மெக்ஸிகோ நகரத்துக்கு மேற்கே, ஒரு மலைத்தொடருக்கு அப்பால், கடல் மட்டத்துக்கு 2,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த சமவெளி ஒன்று இருக்கிறது. லெர்மா என்னும் ஆறு அங்கே பிறக்கிறது. ஊற்றுகளால் நிறைந்த ஏரிகளும் சதுப்புகளும் ஒருகாலத்தில் அச்சமவெளியில் பரந்து கிடந்தன. அங்கே வாழ்ந்த மக்கள் மீன் பிடித்தும் வாத்து வேட்டையாடியும் கோரை அறுத்துப் பாய் முடைந்தும் பிழைத்தனர். அதே கோரைக்காட்டில் வாழ்ந்தது கருமுடி மஞ்சள் தொண்டைக் குருவி. இதன் ஆணுக்கு முகத்துடன் தலை முழுவதும் கறுப்பு. அடிப்பாகம் பொன் போன்ற அடர்ந்த மஞ்சள். ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலப் பறவை நூலார் இதனை 1859இல் உலகுக்கு அறிவித்தார்.

மெக்ஸிகோ நகரமோ நாளுக்கு நாள் பெருகியது. நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, நகரமே மண்ணுக்குள் அமிழத் தொடங்கியது. கட்டடங்கள் சாய்ந்தன. வேறிடத்திலிருந்து நீர் கொண்டுவந்தே தீர வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. 1942இல் லெர்மாத் திட்டம் தொடங்கிற்று. மலையைக் குடைந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைத்து, லெர்மாவின் ஊற்று நீரை நகரத்துக்குக் கொணர்ந்தனர். 1951இல் திட்டம் நிறைவெய்தியது. நீர் வந்து சேரும் தொட்டியின் சுவர்களில் புகழ்பெற்ற ஓவியர் தியேகோ ரிவேரா பெரும் ஓவியம் ஒன்றைத் தீட்டினார். தண்ணீரே உயிரின் தோற்றுவாய் என்பது அதன் தலைப்பு. நுண்ணுயிரிலிருந்து மனிதன் வரை நீரில் தோன்றி வளர்ந்த கதையை அவர் அதில் வரைந்தார். அந்தத் தொட்டி இன்று நீரின்றி, ஓவியத்தைக் காண வருவோருக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது.

ஓவியர் சொன்னது முற்றும் உண்மை. அந்த உண்மையின் மறுபாதி மலைக்கு அப்பால் நிகழ்ந்தது. ஊற்றுகள் வற்றின; ஏரிகள் சுருங்கின; கோரை நின்ற இடம் வயலாகவும் தொழிற்சாலை நிலமாகவும் மாறியது. எஞ்சிய நீரில் கழிவுகள் கலந்தன. சதுப்பை வடிக்கும் முயற்சிகள் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தன. அதன் முதற்பலி, அச்சதுப்பில் வாழ்ந்த மெல்லலகுக் கரும்பறவை என்னும் இனம். 1910ஆம் ஆண்டுக்குப் பின்னர் அது காணப்படவே இல்லை. கருமுடி மஞ்சள் தொண்டைக் குருவி இன்னும் பிழைத்திருக்கிறது. லெர்மாவின் எஞ்சிய சதுப்புகளிலும், குயிட்ஸேயோ, பாட்ஸ்குவாரோ, யுரீரியா ஆகிய ஏரிகளின் கரைகளிலும் அதைக் காண்கிறார்கள். அழியும் ஆபத்துக்கு உள்ளான பறவைகளின் வரிசையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. மெக்ஸிகோ அரசாங்கம் 2002இல் லெர்மாச் சதுப்புகளில் சுமார் 3,000 ஹெக்டேரைப் பாதுகாப்பு நிலமாக அறிவித்தது. அதுவும் ஒரே பரப்பாக இல்லை; மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது.

மாணவர்களே, இதில் யாரைக் குறை சொல்வது? நகரத்து மக்களின் தாகம் பொய்யன்று. குழாயில் நீர் வரவேண்டும் என்று ஒரு தாய் விரும்புவது குற்றமா? ஆனால் கணக்கு எழுதியவர்கள் வரவை மட்டும் எழுதினார்கள். செலவுப் பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டார்கள். மீனவரின் பிழைப்பும் பாய் முடைவோரின் பிழைப்பும் குருவியின் வாழ்வும் அந்தச் செலவில் அடங்கும். சதுப்பு என்றால் ஒன்றுக்கும் உதவாத நிலம் என்ற எண்ணமே அக்கணக்கை அவ்வாறு எழுதச் செய்தது.

இந்த எண்ணம் மெக்ஸிகோவுக்கு மட்டும் உரியதன்று. ஐக்கிய நாடுகளின் அரசாங்கம் 1850இல் ஒரு சட்டம் இயற்றிற்று. சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்கு வழங்கி, அவற்றை வடித்துப் பயிர் நிலமாக்கச் செய்வதே அதன் நோக்கம். 1780களிலிருந்து 1980கள் வரையிலான இருநூறு ஆண்டுகளில், அந்நாட்டின் 48 மாநிலங்களில் இருந்த ஈரநிலங்களில் பாதிக்கு மேல், அதாவது நூற்றுக்கு 53 பங்கு மறைந்துவிட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் மட்டும் இந்த இழப்பு நூற்றுக்கு 91 பங்கு.

அப்படியானால் எங்கும் செழித்திருக்கும் சாதாரணக் குருவியின் கதி என்ன? அதை அறிய ஒரு நல்ல கணக்கெடுப்பு உதவுகிறது. 1966ஆம் ஆண்டில், மேரிலாந்தில் உள்ள பட்டக்ஸன்ட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சாண்ட்லர் ராபின்ஸ் என்பவர் அதனைத் தொடங்கினார். இக்குருவிக்கு லின்னேயஸ் பெயரிட்டுச் சரியாக இருநூறு ஆண்டுகள் கழிந்த பின், அதன் பழைய பெயருக்கு உரிய மாநிலத்திலேயே இம்முயற்சி தோன்றியது. ஏறக்குறைய 39 கிலோமீட்டர் நீளமுள்ள பாதைகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பாதையிலும் 50 இடங்களில் நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் 3 நிமிடங்கள் கண்ட பறவைகளையும் கேட்ட குரல்களையும் குறிக்க வேண்டும். சூரியன் உதிப்பதற்கு அரைமணி முன்னரே வேலை தொடங்கிவிடும். இதைச் செய்வோரிற் பெரும்பாலோர் ஊதியம் பெறாத பறவை ஆர்வலர்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர்கள் எழுதிய குறிப்புகள் என்ன சொல்கின்றன? 1966க்கும் 2019க்கும் இடையே சாதாரண மஞ்சள் தொண்டைக் குருவியின் தொகை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. இன்றும் அது கோடிக்கணக்கில் இருக்கிறது. ஆகவே சாலையில் செல்பவருக்கு இந்தக் குறைவு தெரியாது. பொறுமையாக எண்ணி எழுதியவர்களுக்குத்தான் தெரிந்தது. ஒரு வேலியை அகற்றுவதால் ஓர் இனம் அழிந்துவிடாது. ஆனால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வேலியை அகற்றும்போது கணக்கு ஏறிக்கொண்டே போகிறது.

கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் இதன் ஒரு கிளையினம் வாழ்கிறது. கரையோர நன்னீர்ச் சதுப்புகளிலும், கடல் ஏறி இறங்கும் உவர்ச் சதுப்புகளிலும் அது காலத்துக்கேற்ப மாறி மாறித் தங்கும். விரிகுடாவின் ஓதச் சதுப்புகளில் பெரும்பகுதியைக் கரைகட்டி வயலாகவும் நகரமாகவும் உப்பளமாகவும் மாற்றிவிட்டனர். உப்பளப் பாத்தியில் இக்குருவிக்கு ஒதுங்க ஒரு தண்டுகூட இல்லை. அதன் தொகை வெகுவாகக் குறைந்ததால், தனிக் கவனத்துக்குரிய பறவைகளுள் ஒன்றாகக் கலிபோர்னியா அதைக் குறித்து வைத்திருக்கிறது.

ஆனால் அங்கே வேறொரு செய்தியும் உண்டு. 2003ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் 15,100 ஏக்கர் உப்பளத்தை விலைகொடுத்து வாங்கினர். அதிற் பெரும்பகுதியை மீண்டும் சதுப்பாக்குவது அவர்கள் திட்டம். அதற்குச் செய்யும் வேலை மிக எளியது. கரையை ஓரிடத்தில் வெட்டிவிடுகிறார்கள். 2006இல் தென்பகுதியில் மூன்று பாத்திகளின் கரைகள் அவ்வாறு திறக்கப்பட்டன. ஓதம் நாளுக்கு இருமுறை உள்ளே வருகிறது; வரும்போது வண்டலைச் சுமந்து வருகிறது; போகும்போது அதில் ஒரு பங்கை விட்டுச் செல்கிறது. தரை மெல்ல உயர்கிறது. உவர்நிலச் செடிகள் வேர் கொள்கின்றன. செடி அடர்ந்தால் பூச்சி வரும்; பூச்சி வந்தால் சிலந்தி வரும்.

இப்போது நாம் தொடங்கிய வினாவுக்கு வருவோம். ஒத்த உருவமும் ஒத்த உணவும் உடைய இரு குருவிகளுள் ஒன்று பெருகவும் மற்றொன்று ஒடுங்கவும் காரணம் அவற்றின் வலிமையோ வலுவின்மையோ அன்று. ஒன்றுக்கு மாற்று வீடுகள் இருந்தன, மற்றொன்றுக்கு இல்லை. மாற்று வீடு இல்லாத உயிருக்கு அதன் இடத்தைக் காத்துக் கொடுப்பதே உயிரைக் காத்துக் கொடுப்பதாகும். கூண்டில் வைத்து இரை கொடுப்பது அதற்கு ஈடாகாது.

வரைபடங்களில் சதுப்பு என்றும் தரிசு என்றும் பயனற்ற நிலம் என்றும் எழுதியிருப்பதைக் காணும்போது, அந்தச் சொல்லை எழுதியவர் எந்தப் பயனைக் கருதினார் என்று கேளுங்கள். பின்னர் அங்கே போய் நின்று, மூன்று நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். நாற்பது கோடி ரூபாய்த் திட்டம் வேண்டியதில்லை. ஒரு பென்சிலும் ஒரு குறிப்பேடும் போதும். கேட்டதை நாள், இடம், நேரம் இட்டு எழுதி வையுங்கள். அமெரிக்க நாட்டுச் சாலையோரங்களில் விடியலுக்கு முன் நின்ற பெயர் தெரியாத பல்லாயிரம் பேர் செய்தது இவ்வளவே. அந்தக் குறிப்புகள் இல்லாவிட்டால், நாணலுக்குள் மறைந்து பாடும் ஒரு பத்துக் கிராம் பறவை குறைந்துவருகிறது என்பது எவருக்கும் தெரிந்திராது.